இரவல் யந்திரம்

திருவனந்தபுரத்தில் ஒரு யந்திரத்தின் வித்தையைக் கற்க விரும்பியவன் அந்த யந்திரத்துக்குச் சொந்தக்காரனாகவும் இருக்க வேண்டும் என்று முன்பெல்லாம் யாரும் எதிர்பார்த்ததில்லை. 1829-இல், சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில், புத்தகத்துக்கென்று ஒரு பொது நூலகம் கண்ட ஊர் இது. பிற்காலத்தில் தட்டெழுத்து யந்திரத்துக்கும் அதே போன்ற ஓர் ஏற்பாட்டைத் தானாகவே செய்துகொண்டது.

கரமனை அக்கிரகாரத்துத் தமிழ்ப் பையன்கள் பள்ளியிறுதிப் பரீட்சை முடிந்த கையோடு போய்ச் சேர்ந்த இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ரெமிங்டன் மெஷின் ஒன்றின் விலை ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக் கூடியதாகையால், அதை வாங்குவது என்ற பேச்சே வீட்டில் எழாது. மாதக் கட்டணம் கட்டி, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், இருபுறமும் அடித்தடித்துக் கறுத்துப்போன தாளையே மறுபடியும் உருளையில் செருகி, இடக்கைக்கு ‘ஏ எஸ் டி எஃப்’ என்று அப்பியாசம் நடக்கும். அடுத்த மணிக்காரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருப்பான். அவனுடைய பெருமூச்சு பிடரியில் படப்படத்தான் விரலுக்கு வேகம் வந்தது என்பது என் அபிப்பிராயம். லோயரும் ஹயரும் தேறி அவ்வேகத்தையே மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயிலேறியவர்களில் பெரும்பாலோர், தாங்கள் பிழைத்த யந்திரத்தைக் கடைசிவரை சொந்தமாக வாங்கியதேயில்லை.

கணினி வந்தபோதும் முறை மாறவில்லை, வாடகைதான் ஏறியது. 1990-இல் டெக்னோபார்க் ஸ்தாபிக்கப்பட்டு, கழக்கூட்டத்து மேட்டில் யந்திரங்கள் நிறைந்த மாளிகைகள் எழுந்தன என்றாலும், ஊர்ப் பிள்ளைகளுக்கு மதிலின் இப்புறத்தில் மணிக்கணக்குக் கணினி நிலையங்களே கதியாக இருந்தன. இதை மாற்றியவை ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்ந்த சில காரியங்கள். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளுக்குள் கணினியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தையான ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நகருக்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு, குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினி அறிய வேண்டும் என்ற சங்கல்பத்தோடு அட்சயா மையங்கள் மலப்புறத்தில் தோன்றின. இவற்றுள் ஸ்டால்மனின் வருகையையே நான் பிரதானமாகக் கருதுவேன். அவ்வழியில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறிய பின், மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் என்ற பெருஞ்சுமை நீங்கியதோடு, வகுப்பில் பழகிய அதே நிரலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் குற்றமல்லாமல் போயிற்று.

கைபேசிச் செயலி எழுதும் வித்தையோ இந்தப் பழைய வழக்கத்தைச் சற்றே திணறடித்தது. ஐஃபோனுக்குச் செயலி செய்யும் எக்ஸ்கோட் என்ற கருவி மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ எட்டு ஜி.பி. நினைவகம் இல்லாத யந்திரத்தை ஏறெடுத்தும் பாராது. எங்கோ தூரதேசத்தில் இருக்கும் மேக்கை இணையத்தின் வழியே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வியாபாரம் இன்று நடக்கிறதென்று கேள்விப்பட்டபோது, அந்தப் பழைய இன்ஸ்டிட்யூட்டே கடல் கடந்து திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றியது.

ஏழைக்கு ஏற்ற வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஹால் ஏபல்சன் முன்னின்று உருவாக்கி, 2010-இல் கூகுள் வெளியிட்டு, பின்னர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஆப் இன்வென்டர் என்ற செயலி கட்டும் கருவி, சாதாரணக் கணினியின் பிரவுசரிலேயே இயங்குவது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசின் கைட் நிறுவனம் 2018-இல் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களின் பாடங்களில் இதுவும் ஒன்றாயிற்று. நிரல் வரிகளுக்குப் பதிலாகத் திரையில் வரும் கட்டைகளில், மஞ்சள் கட்டைக்குள் ஊதாக் கட்டையைப் பொருத்தினால், திரையிலுள்ள பூனைப் படத்தைத் தொட்டவுடன் அது ‘மியாவ்’ என்று கத்தும். தொடக்கப் பாடம் அவ்வளவுதான்.

பள்ளிக் கணினியில் செய்த பூனை கைபேசியில் கத்துகிறதா என்று பார்க்க வேண்டுமே; அதற்கு அம்மாவின் போன்தான். மாலையில் அதை வாங்கிச் சோதிக்கும் நேரத்தில் வளைகுடாவிலிருந்து அப்பாவின் அழைப்பு வந்துவிடும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண் அம்மாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.