கமடோர் கிரைம்ஸ் பிறந்த கதை

ஜான் கிரைம்ஸ் பிறக்கும்போதே நடுவயதைத் தாண்டியிருந்தார். 1961இல் வந்த 'தி ரிம் ஆஃப் ஸ்பேஸ்' நாவலில் அவர் கதாநாயகன்கூட இல்லை. பால்வீதியின் ஓரத்தில் ஓடும் சரக்கு விண்கப்பல்களுக்கு ஆள் எடுக்கும், 'கமடோர்' பட்டம் கொண்ட மேலதிகாரி, அவ்வளவுதான். அடுத்தடுத்த கதைகளில் நடுநாற்காலி அவருடையதானது. பிறகு 1967இல், 'தி ரோட் டு தி ரிம்' நாவலில், பயிற்சி முடித்த கையோடு வரும் அனுபவமற்ற இளைஞனாக மீண்டும் வந்தார். சி.எஸ். ஃபாரஸ்டரின் புகழ்பெற்ற கடற்படை நாயகன் ஹார்ன்புளோயரும் இப்படித்தான். 1937இல் கேப்டனாக அறிமுகமாகி, 1950இல்தான் பயிற்சி மாலுமியானான். 'விண்வெளியின் ஹார்ன்புளோயர்' என்று கிரைம்ஸை ரசிகர்கள் அழைத்தது பொருத்தமே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஃபாரஸ்டர் கரையில் இருந்து எழுதியவர். கிரைம்ஸைப் படைத்த ஏ. பெர்ட்ரம் சாண்ட்லர் கப்பலில் சம்பளம் வாங்கியவர்.

1912இல் இங்கிலாந்தில் பிறந்த சாண்ட்லர், பதினாறாம் வயதில் வணிகக் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தார். நிலையான தடம் எதுவும் இல்லாமல், சரக்கு கிடைத்த துறைமுகத்துக்கெல்லாம் போகும் நீராவிக் கப்பல்கள் அவருடைய பள்ளிக்கூடம். கையில் அறிவியல் புனைகதை இதழ்கள் இருந்தன. எழுதும் எண்ணம் இல்லை. அவர் வாசகர் மட்டுமே.

எழுத வைத்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய கப்பல் நியூயார்க் சென்றது. தான் விரும்பிப் படித்த 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பலை நேரில் பார்க்கப் போனார். கேம்பலுக்கோ கதைப் பஞ்சம். அவருக்கு எழுதிவந்த ஹைன்லைன், அசிமோவ், டி கேம்ப் மூவரும் ஃபிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் வேலைக்குப் போயிருந்தார்கள். நீங்கள் எழுதிப் பாருங்களேன் என்றார் ஆசிரியர். எழுத்தாளர்கள் கடற்படைக்குப் போக, அவர்கள் விட்ட இடத்துக்கு ஒரு கடலோடி வந்து சேர்ந்தார். 1944இல் முதல் கதை அச்சானது. மறு ஆண்டு வந்த 'ஜயண்ட் கில்லர்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. விண்கப்பலுக்குள் பெருகி, அறிவு வளர்ந்துவிட்ட எலிகளின் பார்வையில் சொல்லப்பட்ட கதை அது. சரக்கு அறையில் எலியோடு குடித்தனம் நடத்தியவருக்குத்தான் அப்படி ஒரு கரு தோன்றும்.

பதவி உயர்ந்து தலைமை அதிகாரி ஆனதும் பேனா நின்றுபோனது. சரக்கு ஏற்றுவது, இறக்குவது, கப்பலைப் பராமரிப்பது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான் விழும். 1956இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகு, மனைவி சூசன் ஊக்கப்படுத்த, மறுபடி எழுத உட்கார்ந்தார். அப்போது அவர் வேலை பார்த்தது ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே ஓடிய கப்பல்களில். பெரிய வணிகத் தடங்களுக்கு வெகு தொலைவு. அந்தக் கடலுக்குத் தெற்கே பனிக்கண்டம்தான். அந்த ஓரம்தான் கதையில் பால்வீதியின் விளிம்பாயிற்று. லார்ன், ஃபாரவே, அல்டிமோ, தூலே என்ற நான்கு கோள்கள், அவற்றுக்கிடையே அரதப்பழசான கப்பல்களை ஓட்டும் 'ரிம் ரன்னர்ஸ்' கம்பெனி, வேறு எங்கும் வேலை கிடைக்காமல் அங்கே வந்து ஒதுங்கிய அதிகாரிகள். கிரைம்ஸுக்கு ஊரும் உத்தியோகமும் இப்படித்தான் அமைந்தன.

கடல் வரலாற்றின் மேல் சாண்ட்லருக்கு இருந்த மோகம் இந்த உலகத்தின் இயந்திர அறைவரை இறங்கியது. பாய்மரம் போய் நீராவி வந்த கதையை அவர் வானத்தில் இன்னொரு முறை நடத்தினார். முதலில் காந்தப் புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடும் 'காஸ்ஜாமர்'கள். காந்தப் புயல் அடித்தால் அவை திசை தெரியாத இடத்துக்குத் தூக்கி எறியப்படும், புயலில் சிக்கிய பாய்மரக் கப்பலைப்போலவே. அதனால்தான் அவர் கதைகளில் வழிதவறிப்போய்க் குடியேறியவர்களின் கோள்கள் அடிக்கடி தட்டுப்படுகின்றன. அடுத்து 'மேன்ஷென்' இயந்திரம் வந்து அவற்றை ஓரங்கட்டியது. அது காலத்தையே வளைக்கும் சுழலிகளின் தொகுதி. சுழலித் திசைகாட்டியை நம்பிக் கப்பல் செலுத்தியவரின் கற்பனை. ஒளியின் அழுத்தத்தில் பாய் விரித்து ஓடும் கப்பல்களையும் பின்னர் மிதக்கவிட்டார். பாய்மரக் காலத்தை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மோகத்தின் உச்சம் 1975இல் வந்த 'தி பிக் பிளாக் மார்க்'. 1789இல் 'பவுண்டி' கப்பலில் கேப்டன் பிளைக்கு எதிராக எழுந்த கலகத்தை அடியொற்றிய நாவல் அது. அந்த பிளைதான் பின்னாளில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராகி, 1808இல் அங்கேயும் ராணுவத்தினரால் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர். பவுண்டி கலகத்தைச் சொன்ன பலரும் கலகக்காரர்களின் பக்கம் நின்றார்கள். சாண்ட்லரோ கேப்டனின் இருக்கையில் அமர்ந்து சொன்னார். நாவலில் கலகத்தால் தன் 'டிஸ்கவரி' கப்பலை இழப்பவர் கிரைம்ஸ். அதோடு, ரிம் ரன்னர்ஸுக்கு வருமுன் அவர் பார்த்த அரசுப் பணியும் போகிறது. விளிம்புக்கு அவர் வந்து சேர்ந்த பாதை அங்கேதான் தொடங்குகிறது. கட்டளையிடும் ஒருவன் எந்த இடத்தில் தன் ஆட்களை இழக்கிறான் என்பதை அந்த வேலையைப் பார்த்தவர் எழுதியிருக்கிறார்.

கிரைம்ஸ் மாவீரர் அல்லர். விடைத்த காதுகள், வாயில் நாறும் சுங்கான், சாப்பாட்டில் ஆசை, மேலதிகாரிகளோடு தீராத தகராறு. துறைமுகக் கட்டணம், சரக்குத் தகராறு, விதிப் புத்தகத்தின் ஓட்டைகள் ஆகியவற்றில் அவருடைய பாதி நேரம் போகும். ரசிகர்கள் ஒட்டிக்கொண்டது அந்தப் பாதியில்தான். ஆஸ்திரேலிய ரசிகர்கள் 1969இல் டிட்மார் விருதைத் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே கிரைம்ஸ் நாவலான 'ஃபால்ஸ் ஃபாதர்லேண்ட்' பரிசு பெற்றது. 1982இல் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சாண்ட்லர் சிறப்பு விருந்தினர்.

கடைசிக் காலத்தில் அவருக்கு வாய்த்த பொறுப்பு கிரைம்ஸுக்கே எழுதியதுபோல இருந்தது. உடைக்கப்படுவதற்காகக் காத்து நின்ற 'மெல்பர்ன்' விமானந்தாங்கிக் கப்பலில், சட்டப்படி ஒரு அதிகாரி இருந்தாக வேண்டும் என்பதற்காக அவரைக் கேப்டனாக வைத்தார்கள். ஓடாத போர்க்கப்பலுக்கு ஓய்வுபெற்ற வணிகக் கேப்டன்.

1984இல் சாண்ட்லர் காலமானார். 1992 முதல் ஆஸ்திரேலிய அறிவியல் புனைகதைக்குப் பெரும்பங்கு ஆற்றியவர்களுக்கு அவர் பெயரில் விருது தரப்படுகிறது. விண்கப்பல் கேப்டன்களை எழுதியவர்கள் ஏராளம். அவர்களில் கேப்டன் உத்தியோகம் பார்த்தவர்கள் வெகு சிலர். கிரைம்ஸ் நம்பும்படியாக இருப்பதற்கு அந்த உத்தியோகம்தான் காரணம்.