கண்டியும் எகிப்தும்



மார்கழி மழையில் மலைநாடு நனைந்திருக்குங் காலத்தில், வெயில் தவழும் மத்தியதரைக் கடலோர நாடொன்றிற் சில நாட்களைக் கழித்துவர வேண்டுமென்னும் விருப்பம் பலருக்கு எழுகின்றது. ஊர்மாறி இளைப்பாறும் வழக்கம் எங்கள் குண்டசாலைக்குப் புதியதன்று. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன், தலைநகரின் சந்தடியை விட்டு விலகி, மகாவலி கங்கைக் கரையிலே இவ்வூரில் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அவனை அழைத்தனர். அன்று அரசனுக்குச் சில மைல் தூரம் போதுமாயிருந்தது. இன்று ஆசிரியரும் அலுவலரும் விமானமேறிக் கடல்கடந்து செல்ல எண்ணுகின்றனர்.

அவ்வாறு செல்ல எண்ணுவோர் எகிப்து தேசத்தைத் தேர்ந்தால், அவர்களது பிரயாண ஆயத்தம் கண்டி நகரிலேயே தொடங்கலாம் என்பது என் துணிபு. காரணத்தைக் கூறுகின்றேன்.

எகிப்தியக் கிராமமொன்றிற் பிறந்து, படையிற் சேர்ந்து உயர்ந்தவர் அகமது ஒராபி பாஷா. அந்நியக் கடன்காரரின் பிடியிற் சிக்கியிருந்த தம் நாட்டில், மக்கள் மன்றமும் நீதியும் வேண்டுமெனக் கோரி, 1881 செப்டம்பர் 9ஆந் திகதி கெய்ரோவின் அப்தீன் அரண்மனை முன்றலிலே படைவீரருடன் வந்து நின்றார். மறு ஆண்டு யூலை 11ஆந் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியாற் தாக்கியது. செப்டம்பர் 13ஆந் திகதி தெல் எல் கெபீர் போரில் ஒராபியின் படை தோற்றது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 சனவரியில் அவரும் தோழர் அறுவரும் கொழும்பில் வந்திறங்கினர்.

இதிலே கண்டியர் சிந்திக்கவேண்டிய பொருத்தமொன்றுண்டு. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனை வேலூருக்கு அனுப்பினர். அவன் அங்கேயே 1832இல் மறைந்தான். தன் மன்னனைப் பறிகொடுத்த நகரம், பிறிதொரு நாட்டின் தலைவனுக்கு இடமளிக்க நேர்ந்தது. ஒரே பேரரசின் கை இரண்டையுஞ் செய்தது.

ஒராபி 1892இற் கண்டிக்குக் குடிபெயர்ந்து, நாடு திரும்பும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாக விளங்குகின்றது. நாடிழந்த துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. கண்டியிற் பிறந்த அறிஞர் மு. கா. சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோர் கல்விக்காக எடுத்த முயற்சிக்குத் துணை நின்றார். அம்முயற்சியின் பயனாக 1892இற் கொழும்பு மருதானையில் எழுந்த பாடசாலையே இன்றைய சாகிராக் கல்லூரி.

சித்தி லெப்பையைக் குறிப்பிடும்போது தமிழர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1885இல் அவர் எழுதி வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’, இலங்கையிற் தோன்றிய முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுவது. அதன் நாயகன் பிறந்த ஊர் கெய்ரோ. சுவேசுக் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின், கொழும்புக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கப்பல்கள் ஓயாது ஓடின. மனிதருடன் செய்தியும் கற்பனையும் பயணஞ் செய்தன. நம் தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே நைல் நதிக்கரை நகரம் இடம்பெற்றமை வியப்புக்குரியதன்றோ?

ஒராபியுடன் வந்த மகுமூது சாமி அல் பாரூதி, பிரதமராயிருந்தவர். அரபு மொழியின் பெருங்கவிஞர். மனைவி இறந்த செய்தி இலங்கையிலிருந்த அவருக்கு எட்டியது, அத்துயரம் இரங்கற்பாவாயிற்று. பார்வை குன்றிய நிலையில் 1899இலேயே அவர் நாடு திரும்பினார். தோழர் சிலர் திரும்பவேயில்லை; இத்தீவின் மண்ணிலேயே அடங்கினர். ஒராபிக்கு 1901இல் மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு சென்றவர், அங்கே 1911இற் காலமானார்.

ஆகவே, எகிப்து செல்வோர் பிரமிடுகளைக் கண்டு மகிழ்க. அதனுடன் மூன்று இடங்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. கெய்ரோவின் அப்தீன் அரண்மனை ஒன்று. இன்று அதன் ஒரு பகுதி அரும்பொருட்காட்சிச்சாலையாக உள்ளது. அலெக்சாந்திரியாவின் கடலோரக் கைத்பே கோட்டை மற்றொன்று. 1882ஆம் ஆண்டுப் பீரங்கித் தாக்குதலிற் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது அது. மூன்றாவது, நைல் கழிமுகத்தின் கிழக்கே ஒராபி பிறந்த சர்க்கியா மாகாணம். ஆனி, ஆடி மாதங்களின் கடும் வெயிலைத் தவிர்த்து, நமது மார்கழி விடுமுறையிற் செல்வது நன்று. பகலில் இதமான வெயில் காயும். எனினும் அலெக்சாந்திரியாவில் அப்பருவத்தில் மழையும் பெய்யுமாதலின், கம்பளிச் சட்டையும் குடையும் உடனிருத்தல் வேண்டும்.

புறப்படுமுன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கண்டியிலுள்ள ஒராபி இல்லத்தை ஒருமுறை பார்த்துவாருங்கள். நாம் விடுமுறைக்காக நாடிச் செல்லும் அந்த வெயிலை, ஒருவர் இம்மலைகளின் நடுவே பல்லாண்டு நினைந்து ஏங்கியிருந்தார் என்பதை அவர்கள் அங்கே அறிந்துகொள்வர். அதை அறிந்து செல்லும் பிள்ளைக்குக் கெய்ரோ அந்நிய நகரமாகத் தோன்றாது.