வி.ஏ.ஆர். (இங்கிலாந்து பிரீமியர் லீக்)

வி.ஏ.ஆர். என்று பரவலாக அழைக்கப்படும் காணொளி உதவி நடுவர், கால்பந்து ஆட்டத்தைத் திடலுக்கு வெளியே ஓர் அறையிலிருந்து திரைகளில் கவனித்து, திடல் நடுவரின் பெரும்பிழைகளைத் திருத்த உதவுபவர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இம்முறை 2019–20 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆட்டம் நியூகாசிலில் நடந்தாலும் பிரைட்டனில் நடந்தாலும் அவர் அமர்ந்திருப்பது மேற்கு லண்டனில், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஸ்டாக்லி பார்க் வளாகத்தில்தான். அவருக்குத் துணையாக இன்னொரு நடுவரும், கேட்ட கோணத்தில் காட்சிகளை எடுத்துத் தரும் இயக்குநரும் உடன் இருப்பார்கள்.

கால்பந்து விதிகளைத் தீர்மானிக்கும் அமைப்பு, 1886இல் தோன்றிய ஐ.எஃப்.ஏ.பி. அதன் அனுமதியோடு 2016இல் சோதனைகள் தொடங்கின. முன்கை எடுத்தது நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம். ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கும், அடுத்து ஜெர்மனி, இத்தாலி லீக்குகளும் 2017இல் இம்முறையைக் கொண்டுவந்தன. 2018 மார்ச்சில் அது விதிநூலில் இடம்பெற்றது. அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக்கோப்பையின் எல்லா ஆட்டங்களும் மாஸ்கோவிலிருந்த ஒரே மையத்திலிருந்து கவனிக்கப்பட்டன.

வி.ஏ.ஆர். எல்லாவற்றிலும் தலையிட முடியாது. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை தவறான ஆட்டக்காரருக்குக் காட்டப்பட்டதா ஆகிய நான்கோடு தொடக்க விதிகள் அவரை நிறுத்தின. அங்கும் பிழை தெளிவாகவும் வெளிப்படையாகவும் இருந்தால்தான் அவர் குறுக்கிடலாம். முடிவு எப்போதும் திடல் நடுவருடையதே. ஐயம் இருந்தால் திடலோரத் திரையில் அவரே பார்த்துக்கொள்வார். ஆஃப்சைடு மட்டும் அளந்து சொல்லக்கூடியது என்பதால், திரையைப் பார்க்காமலேயே அறையின் சொல்லை அவர் ஏற்கலாம். பெரும் சிக்கல் ஒன்று எழுந்தது இந்த எளிய இடத்தில்தான்.

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் திடலில் லிவர்பூல் ஆடியது. முதல் பாதியில், இரு அணியும் கோல் போடாத நிலையில், லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு எனக் கொடி உயர்த்தினார். ஸ்டாக்லி பார்க்கில் அதை அளக்கத் திரையில் கோடுகள் வரையப்பட்டன; டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பது சரியாகவே தெரிந்தது. ஆனால் திடலில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக வி.ஏ.ஆர். எண்ணிக்கொண்டிருந்தார். ஆகவே சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் சொன்னார். கோல் இல்லை என்ற தம் முடிவு உறுதிப்பட்டதாகத் திடல் நடுவர் புரிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சில நொடிகளில் தவறைக் கவனித்துச் சொன்னவர் காட்சி இயக்குநர். அதற்குள் ஃப்ரீகிக் எடுக்கப்பட்டிருந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், ஆள் மாறி அட்டை காட்டியது, வன்செயல் போன்ற சில தருணங்களைத் தவிர, பின்னோக்கிச் செல்ல விதி இடம் தராது. லிவர்பூல் இரு சிவப்பு அட்டைகளோடு, இறுதி நிமிடத்தில் விழுந்த சொந்தக் கோலால் 2–1 எனத் தோற்றது.

காமிராவும் கோடும் இங்கே பொய் சொல்லவில்லை. அறைக்கும் திடலுக்கும் இடையே பேசிக்கொண்ட சொற்கள்தான் பிழைத்தன. தொழில்நுட்பத்தைக் குறைசொல்வோரும் அதையே நம்பியிருப்போரும் இந்த நிகழ்விலிருந்து முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

அந்த இரு அறை நடுவர்களும் சில நாள்களுக்கு முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆட்டத்தில் பணியாற்றித் திரும்பியிருந்தார்கள் என்ற செய்தி, நடுவர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்ற கேள்வியைக் கூர்மையாக்கியது. நடுவர்களைப் பயிற்றுவிப்பதும், ஆட்டங்களுக்கு அனுப்புவதும், மதிப்பிடுவதும் 2001இல் அமைக்கப்பட்ட பி.ஜி.எம்.ஓ.எல். என்ற ஒரே நிறுவனம். பிரீமியர் லீக், கீழ்நிலை லீக்குகளை நடத்தும் ஈ.எஃப்.எல்., இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஆகிய மூன்றும் அதற்குப் பணம் தருகின்றன. ஒரு வாரம் திடலில் நிற்பவரே மறுவாரம் ஸ்டாக்லி பார்க்கில் அமர்ந்து சக நடுவரைத் திருத்துகிறார். இதில் தனிமனிதர்களின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; அமைப்பே இடுக்கமானது. தோழரின் முடிவை மாற்றச் சொல்ல மனத் தயக்கம் வருவது இயல்பு என்பதைக் கணக்கில் கொண்டே கண்காணிப்பு வகுக்கப்பட வேண்டும்.

நிறுவனத்தின் தலைமை நடுவர் அதிகாரி, 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் நடுவராக இருந்த ஹோவர்ட் வெப். டியாஸ் விவகாரத்தில் நிறுவனம் தவறை அன்றே ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அறையிலிருந்து முடிவு சொல்லும்போது, திடலில் என்ன தீர்ப்பு தரப்பட்டது என்பதையும் சேர்த்து உறுதிசெய்யும் பேச்சுமுறை வகுக்கப்பட்டது. வெளிப்பார்வைக்கு வேறொரு வழி 2022–23 பருவத்திலேயே திறந்திருந்தது: முன்னாள் ஆட்டக்காரர்கள் அல்லது பயிற்சியாளர்கள் மூவர், பிரீமியர் லீக்கின் ஒருவர், பி.ஜி.எம்.ஓ.எல். சார்பில் ஒருவர் என ஐவர் குழு, முக்கிய முடிவுகளை ஆய்ந்து வாக்களிக்கிறது. நிறுவனத்தின் குரல் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குவதுதான் இதன் மதிப்பு. ஆனால் குழுவின் கருத்தால் ஆட்ட முடிவு எதுவும் மாறாது.

வி.ஏ.ஆரையே நீக்க வேண்டும் என்று வுல்வர்ஹாம்டன் அணி கொண்டுவந்த தீர்மானம் 2024 ஜூனில் 19–1 எனத் தோற்றது. ஸ்வீடனில் நிலைமை வேறு. ரசிகர்களே பெரும்பான்மை உரிமை வைத்திருக்கும் அணிகளின் எதிர்ப்பால் அந்நாட்டு லீக் இதை ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் அரைத்தானியங்கி ஆஃப்சைடு முறை பிரீமியர் லீக்குக்கு வந்தது. ஆட்டக்காரர்களின் உடல் நிலைகளைக் கணினி தொடர்வதால் கோட்டைக் கையால் வரையும் நேரம் மிச்சமாகிறது. பந்து கையில் படுவது, முரட்டுத் தடுப்பு போன்ற கணிப்புத் தேவைப்படும் முடிவுகளுக்கு இது உதவாது.

அறைக்கும் திடலுக்கும் இடையிலான உரையாடலை ஆட்டத்தின்போது ஒலிபரப்ப விதி இன்னும் இடம் தரவில்லை. வெப் பங்கேற்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சில பதிவுகள் பின்னர் ஒலிக்கின்றன. எல்லாப் பதிவுகளும் வெளிவருவதில்லை என்பதால், ரசிகர் கேட்பது பிறர் தேர்ந்தெடுத்துத் தந்த பகுதியை மட்டுமே.