உறைக்குள் ஒரு வரலாறு

2022 ஜூலையில் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடெங்கும் தடை வந்தபின், மக்கும் உறைகளைப் பற்றிய பேச்சு நம் வீடுகளிலும் கேட்கிறது. உணவைக் கெடவிடாமல் காத்து, பிறகு மண்ணோடு மக்கிப்போகும் கைட்டோசான் உறை அதில் ஒன்று. புதுச் சரக்கு என்கிறார்கள். நான் தேடிப் பார்த்தவரை கதை ரொம்பப் பழசு.

1811இல் பிரான்சின் நான்சி நகரில் தாவரத் தோட்டத்தை நடத்திவந்த ஹென்றி பிரகோனோ, காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். 1823இல் ஓடியே அதைப் பூச்சிகளின் ஓட்டில் கண்டு, மேலங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'கைட்டின்' என்றார். 1859இல் ரூஜே அதைக் கடுங்காரத்தில் கொதிக்க வைத்தார்; எதிலும் லேசில் கரையாத பொருள், நீர்த்த அமிலத்தில் கரைந்தது. 1894இல் அதற்குக் 'கைட்டோசான்' என்று பெயர் வந்தது.

அந்தக் கரைசலை ஊற்றி உலர்த்தினால் மெல்லிய படலம் கிடைக்கும். அதன் நேர்மின்னேற்றம் பாக்டீரியாவின் மேலுறையைப் பற்றிச் சிதைக்கிறது. குறையும் உண்டு: ஈரம் பட்டால் ஊறிவிடும். பிளாஸ்டிக்கை அது முழுசாக விரட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். "இறால் ஓடா? நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்று சைவக் குடும்பத்தார் சொன்னால் அது நியாயமே. ஆனால் வழி வரலாற்றிலேயே இருக்கிறது: முதலில் கிடைத்தது காளானில்தானே! காளான் இனங்களிலிருந்தும் இப்போது தயாரிக்கிறார்கள். ஆகவே உறையின் மேல் மூலப்பொருளை அச்சிட வேண்டும் என்பேன். வாங்கும் நாமும், "இது எதிலிருந்து வந்தது?" என்று கேட்டுப் பழகுவோம்.