ஒரே புயல், ஒரே ஆறு: புதுச்சேரியும் ஊத்தங்கரையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் அந்நகரில் பெய்த மழை 48 செ.மீ.க்கு மேல். அதற்கடுத்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்தது 50 செ.மீ. முன்னது கடலோரத் தலைநகர். பின்னது எங்கள் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்துக்கு நேர் கிழக்கே, கடற்காற்றே எட்டாத ஒரு பேரூராட்சி. புயல் கரையைக் கடந்துவிட்டது என்றதும் ஆபத்து நீங்கியதாகவே எங்கள் பக்கத்தில் நினைத்துப் பழகியிருந்தோம். அந்த இரு நாள்களின் மழைக்கணக்கு அந்த நினைப்பைப் பொய்யாக்கியது.

புதுச்சேரியில் கிருஷ்ணா நகர் போன்ற குடியிருப்புகள் மூழ்கின. படகுகளோடு ராணுவம் வந்தது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பிக் கோடி போனது. பேருந்து நிலையப் பகுதியில் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்றது. புதுச்சேரியில் நீர் வந்து தேங்கி நின்றது. ஊத்தங்கரையில் சரிவில் பாய்ந்து அடித்துச் சென்றது. ஆனால் இரண்டு இடத்திலும், வழக்கமாக நீர் வடியும் பாதையில்தான் மனிதர்களின் வீடும் வண்டியும் இருந்தன.

நிவாரணத்தில் வேறுபாடு கூர்மையானது. புதுச்சேரிக்குத் தனி அரசு உண்டு. முதல்வர் ரங்கசாமி குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தார். தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தபோது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று மாவட்டங்களின் பெயர்களே முதலில் வந்தன. ஊத்தங்கரை இருக்கும் கிருஷ்ணகிரியும், அரூரில் 33 செ.மீ. மழை கண்ட எங்கள் தருமபுரியும் அந்த மூன்றில் இல்லை. மழையளவு சமமாக இருக்க, கவனம் சமமாக இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆயினும் தராசு ஒரே பக்கம் சாயவில்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2011க்குப் பின் அங்கே வார்டு உறுப்பினர் என்று எவரும் இல்லை. முதல்வரும் அமைச்சர்களும் அருகிலேயே இருக்கிறார்கள்; தெருவில் சாக்கடை அடைத்தால் போய்க் கேட்க, அந்தத் தெருவே தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. ஊத்தங்கரையில் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. கவுன்சிலர் உண்டு, மன்றம் உண்டு, செயல் அலுவலர் உண்டு. இத்தகைய வெள்ளத்தைத் தாங்கும் நிதியும் இயந்திரமும் மட்டும் மாவட்ட ஆட்சியரிடமிருந்தும் சென்னையிலிருந்தும் வரவேண்டும். அங்கே பணம் உண்டு, வார்டின் குரல் இல்லை. இங்கே குரல் உண்டு, பணம் இல்லை. மீட்சிக்கு இரண்டும் வேண்டும் என்பதால், இரு ஊர்களும் பாதி அரசோடுதான் புயலை எதிர்கொண்டன என்பேன்.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே நான் எதிர்பாராத உறவு ஒன்றும் உண்டு. ஊத்தங்கரைப் பகுதியின் நீர் பாம்பாற்றில் இறங்கித் தென்பெண்ணையில் கலக்கிறது. அரூர்ப் பக்கத்து வாணியாறும் அதே ஆற்றில்தான் சேர்கிறது. அந்த நீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. ஆற்றின் கடைக்கோடியில் கடலூரும், புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் உள்ளன. பாகூர் ஏரிக்கு நீர் தருவதே தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான். புதுச்சேரி வானத்திலிருந்து வாங்கிய மழைக்குப் பிறகு, எங்கள் பக்கத்து மழையும் ஆற்று வழியே அதன் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. புயல் மேற்கே வந்தது; வெள்ளம் கிழக்கே திரும்பியது.

அணை திறப்புக்குப் போதிய முன்னறிவிப்பு இருந்ததா என்பது தமிழகச் சட்டப்பேரவை வரை விவாதமானது. ஐந்து முறை எச்சரித்ததாக அரசு கூறியது. அந்த எச்சரிக்கைகள் அணையில் தொடங்கியவை. ஊத்தங்கரையில் ஏரி கோடி போகும் நேரத்திலேயே பாகூருக்குச் சேதி போயிருந்தால் கரையோர மக்களுக்கு இன்னும் சில மணி நேரம் கிடைத்திருக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், பாம்பாற்றங்கரைப் பேரூராட்சிகளிலிருந்து பாகூர் வரை அப்படியொரு தொடர்பை இரு அரசுகளும் சேர்ந்து ஏற்படுத்த வேண்டும்.