புற்றுநோய் மரணமும் புள்ளிவிபரமும்

முதலாம் உலகப் போரின்பின் எழுந்த சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு, 1923ஆம் ஆண்டிலே புற்றுநோய் ஆராய்ச்சிக் குழுவொன்றை நிறுவியது. இங்கிலாந்து, ஒல்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் மார்பு, கருப்பைப் புற்றுநோய்களால் நேரும் மரணங்களை ஒப்பிடுதல் அதன் முதற்பணிகளுள் ஒன்றாகும். மார்புப் புற்றுநோய் மரணவீதம் இத்தாலியிலே குறைந்திருந்தது.

முதியோர் மிகுந்த நாட்டில் இந்நோய் மிகுதல் இயல்பாதலின், வயதுவேறுபாட்டைக் களையாது மொத்தத் தொகைகளை ஒப்பிடுதல் பொருந்தாது. நோயை அறிந்து பதியும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எனவே, உண்மைக் காரணத்தை நாடிய சனெற் லேன்-கிளேபன் அம்மையார், பிரித்தானியாவில் மார்புப் புற்றுநோயுற்ற ஏறக்குறைய 500 பெண்களையும் அந்நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டாராய்ந்து, 1926இல் அறிக்கை வெளியிட்டார். நோயுற்றோரிடையே காலந்தாழ்த்து மணந்தோரும் மகப்பேறு குறைந்தோரும் மிகுந்திருந்தனர்.

தொகைகளின் வேறுபாடு வினாவை எழுப்புமேயன்றித் தானே விடையாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.