12 முதலியார்களும் ஓர் அறிவுறுத்தல் கோப்பும்

கோட் எழுதித் தரும் ஏஐ உதவியாளருக்கு எங்களில் பலர் இப்ப ஓர் அறிவுறுத்தல் கோப்பு எழுதி வைக்கிறோம். எங்கட வழக்கம் அதற்குத் தெரியாது. எழுதி வைத்தால்தான் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு இந்த வேலை புதிசில்லை.

ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, இங்கே திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் எங்கட ஊர் வழமைகளைத் தொகுத்தார். சீதனம், முதுசம், ஒற்றி எண்டு வாய்வழியாக இருந்ததெல்லாம் எழுத்தில் ஏறியது. தமிழில் பெயர்த்து, 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். 1707இல் அது தேசவழமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஊரை அறியாத நீதிபதியும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம். நல்ல அறிவுறுத்தலுக்கு வேண்டியதும் இதுதான்: பொதுவான புத்திமதி வேண்டாம், வெளியாளுக்குத் தெரியாத குறிப்பான வழக்கத்தை எழுத வேணும், தெரிந்தவர்களிடம் காட்ட வேணும்.

ஆனால் யாரிடம் காட்டினார்கள்? அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. சரிபார்த்த 12 பேரில் அடிமை ஒருவரும் இல்லை. 1806இல் பிரித்தானியரும் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

எழுதினது நிலைக்கும், அதிலுள்ள அநியாயமும் கூடவே நிலைக்கும். ஆகவே கோப்பை எழுதி முடித்ததும், அதால பாதிக்கப்படுற ஆக்களையும் ஒருக்கா வாசிக்கச் சொல்லுவம்.